புதுப்பிப்பு: டோஹா, சிக்காகோ வழியாக மினியாபொலிஸ் சென்ற அம்மாவின் பயணம்

கத்தார் ஏர்வேஸில் சிக்காகோவில் இறங்கி, ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் அதன் கூட்டாளியான அமெரிக்கன் ஏர்லைன்ஸில் மினியாபொலிஸ் செல்வதற்கு மூன்றரை மணி நேர இடைவெளி போதுமா, பொதிகள் நேரடியாகப் போய்ச் சேருமா என்று முன்னர் கேட்டிருந்தேன். திருகோணமலையிலிருந்து இரவு பேருந்தில் கட்டுநாயக்க விமான நிலையம் சென்று புறப்பட்ட நானும் அம்மாவும் நலமாகப் போய்ச் சேர்ந்தோம்.

பொதிச்சீட்டில் மினியாபொலிஸ் என்று அச்சிட்டிருந்தாலும், பொதுவாக அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பொதிகளை நாமே எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, இணைப்புப் பயணிகளுக்கான இடத்தில் மீண்டும் ஒப்படைக்க வேண்டும். கூட்டணி எதுவானாலும் இந்த விதி மாறாது. அதன்பின் ஐந்தாம் முனையத்திலிருந்து மூன்றாம் முனையத்துக்கு இலவச ரயிலில் சென்று, பாதுகாப்புச் சோதனைக்கு மறுபடியும் நின்றோம். 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் வகைகளைக் கைப்பையில் கொண்டுசென்றால் அங்கே மேலதிகச் சோதனை இருக்கும் என்பதால், அம்மாவின் மிளகாய்த்தூளைப் பொதிகளை ஒப்படைக்கும் முன்னரே பெட்டிக்குள் மாற்றிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

குடிவரவு வரிசையிலேயே ஒன்றரை மணி நேரம் கழிந்ததால், இரண்டு மணி நேர இடைவெளியை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருந்தமையால், இணைப்பைத் தவறவிட்டிருந்தாலும் மாற்று இருக்கை தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே இருந்திருக்கும்.