கால்குலேட்டரில் குறி ஏன் கடைசியில்?

கேள்வி: எச்பி-12சி வாங்கியிருக்கிறேன். (3+4)×5 போட, 3 என்டர் 4 + 5 × என்று தட்ட வேண்டியிருக்கிறது. 1920களில் போலந்து தர்க்கவியலாளர் யான் வூகாஷேவிச் வகுத்த முறையில் +, × போன்ற குறி எண்களுக்கு முன்னால்தானே வரும்? ஏன் பின்னால் தள்ளினார்கள்?

பதில்: முன்னால் வைத்தால் × + 3 4 5. முதலில் தட்டிய பெருக்கல், கடைசி 5 வரும்வரை சும்மா காத்துக்கிடக்கும். அதையும் மெஷின் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் + தட்டியதுமே திரையில் 7. தப்பாகத் தட்டியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 1972இல் வந்த எச்பி-35இல் எண்களை அடுக்க இருந்ததே நான்கு இடம். அதில் நிலுவைக் குறிகள் வேறா?

கேட்டவர்: சரி, வர்க்கமூலம்?

பதில்: 9 தட்டிவிட்டு √. கடை மேசையில் கிடக்கும் சாதா கால்குலேட்டரும் அதற்கு அப்படித்தானே!

இன்னொருவர்: என்னுடையதை ஆபீசில் யாரும் இரவல் கேட்பதில்லை. சமக்குறிப் பட்டனைத் தேடிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.