காலைத் தியானம்: கால் மரத்துப்போகுது, நெஞ்சு இறுகுது, தூக்கம் வருது. எங்கே தப்பு?

கேள்வி (புதுவரவு):
வணக்கம். தியானம் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. காலை 5.30 மணிக்குத் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி 20 நிமிடம். பத்து நிமிடத்துக்குள் கால் மரத்துவிடுகிறது. மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இறுகுவது போல இருக்கிறது. இல்லையென்றால் தலை தொங்கித் தூங்கிவிடுகிறேன். புருவமத்தியில் கவனம் வை என்கிறார் ஒரு நண்பர், மூச்சை அடக்கிப் பழகு என்கிறார் இன்னொருவர். வயது 38, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கிருந்து திருத்துவது?

பதில் (திண்ணை):
முதல்ல உட்காருறதைச் சரி பண்ணுங்க. சம்மணம் போட்டதும் முட்டி இடுப்பைவிட உயரமா நிக்குதான்னு பாருங்க. நின்னா இடுப்பெலும்பு பின்னால சாயும், முதுகு கூனும், வயிறு மடங்கும். மூச்சு மேல் நெஞ்சிலேயே ஓடுறதுக்கு அது ஒரு காரணம்.

ஜமக்காளத்தை நாலா மடிச்சு, மேல ஒரு கெட்டியான இலவம்பஞ்சுத் தலையணை வைங்க. உட்கார்ந்த பிறகும் 10 முதல் 15 செ.மீ. உயரம் நிக்கணும். ஸ்பாஞ்ச் தலையணைன்னா அமுங்கிடும், பிரயோஜனமில்ல. நடுவுல உட்காராதீங்க. முன் விளிம்புல உட்கார்ந்தாதான் இடுப்பு தானா முன்னால சரிஞ்சு முதுகு நிமிரும். முட்டி ரெண்டும் தரையில படணும், படலைன்னா அடியில துண்டைச் சுருட்டி வைங்க. ஒரு காலை இன்னொரு கால் மேல ஏத்தாம, ரெண்டு பாதத்தையும் ஒண்ணுக்கு முன்னால ஒண்ணா தரையிலேயே வைங்க. மரத்துப்போறது பெரும்பாலும் நரம்பு அழுந்துறதாலதான். அழுத்தம் குறைஞ்சா பாதித் தொல்லை போயிடும். அப்பவும் முட்டி வலிச்சா நாற்காலிக்கு மாறிடுங்க. முதுகு சாயாம, ரெண்டு பாதமும் தரையில பதிஞ்சா போதும்.

அடுத்தது, 20 நிமிஷம் இப்போதைக்கு அதிகம். முதல் இரண்டு வாரம் 5 நிமிஷம், அப்புறம் வாரத்துக்கு 2 நிமிஷமா கூட்டுங்க. வெளிமூச்சு முடியும்போது மனசுக்குள்ள ‘ஒன்று’, அடுத்ததுக்கு ‘இரண்டு’, பத்து வரைக்கும். பிறகு மறுபடி ஒன்று. நடுவுல விட்டுப்போனாலும், நினைவில்லாம பதினாலு வரை போயிருந்தாலும், ஒன்றுக்கே திரும்புங்க. நிமிஷத்துக்கு 12 முதல் 15 மூச்சுன்னு வைச்சா 5 நிமிஷத்துல ஆறேழு சுற்று வரும். எண் முன்னால ஓடி மூச்சு அது பின்னால வருதான்னு மட்டும் கவனிங்க. வந்தா எண்ணிக்கை மூச்சை இழுக்குதுன்னு அர்த்தம், மூச்சு முடிஞ்ச பிறகே எண்ணுங்க.

பதில் (மலையோரம்):
திண்ணை சொன்னதோடு நெஞ்சு இறுகுவதைப் பற்றி.

கவனிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தால்தான் பெரும்பாலும் இது வரும். இழுத்து விடுவது பிராணாயாமம். நீங்கள் செய்ய வேண்டியது வேடிக்கை பார்ப்பது. மூச்சைக் கவனிப்பது பற்றிய புத்தரின் உபதேசமான ஆனாபானசதி சூத்திரத்தின் தொடக்கமே இதுதான்: நீண்ட மூச்சானால் நீண்டது என்று அறிவது, குறுகியதானால் குறுகியது என்று அறிவது. திருத்தச் சொல்லவில்லை. மூக்கு நுனியில் உள்ளே போகும் காற்று சற்றுக் குளிர்ச்சியாகவும் வெளியே வருவது சற்று வெதுவெதுப்பாகவும் படும். அந்த ஒரு இடம் போதும்.

அங்கே கவனம் வைத்தாலே இறுகுகிறதென்றால் வயிற்றுக்கு மாறுங்கள். பர்மாவின் புத்த பிக்கு மகாசி சயாடோ கற்றுக்கொடுத்த முறையில் வயிறு எழுவதும் தாழ்வதும்தான் பிடிமானம். அதுவும் ஒத்துவராவிட்டால் மூச்சையே விட்டுவிட்டுச் சத்தங்களைக் கேளுங்கள்: மின்விசிறி, காக்கை, தெருவில் பால்காரரின் வண்டி. இதிலும் குறைவொன்றுமில்லை. ஆனால் உட்காராத நேரத்திலும் நெஞ்சு இறுகினால், அல்லது படியேறும்போது இறுகினால், தியானத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சை அடக்குவது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். திருமந்திரத்தில் 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அளவு நேரம்) இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடும் அளவு இருக்கிறது. படித்ததும் செய்து பார்க்கத் தோன்றும். அது குருவின் அருகில் படிப்படியாகப் பழகுவது. ரத்த அழுத்தம் உள்ளவர் தனியே முயலக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். புருவமத்தியும் அப்படித்தான். வேதாத்திரி மகரிஷியின் முறையில்கூட அதை ஆசிரியர் தீட்சை கொடுத்தே தொடங்கி வைக்கிறார்கள். தனியாகச் செய்பவர்கள் கண்ணை மேலே செருகி நெற்றியைச் சுருக்குவார்கள், தலைவலிதான் மிஞ்சும்.

பதில் (கிழக்குவாசல்):
தூக்கத்துக்கு என் பங்கு. இரவு 11.30க்குப் படுத்து 5.30க்கு உட்கார்ந்தால் உடம்பு தூங்கத்தான் செய்யும், அது தியானக் குறை இல்லை. முதலில் தூக்க நேரத்தைச் சரி செய்யுங்கள். பல் துலக்கி, முகம் கழுவி, காபிக்கு முன் உட்காருங்கள். கண்ணை முழுக்க மூட வேண்டாம். நாலடி தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக விடுங்கள். அப்படியும் தலை தொங்கினால் எழுந்து நடந்தபடி செய்யலாம். மொட்டைமாடியில் 12 அடி போதும். பாதம் தூக்குவது, நகர்வது, பதிவது, இந்த மூன்றையும் தனித்தனியாக உணரும் அளவுக்கு மெதுவாக. முனைக்கு வந்ததும் நின்று, ஒரு மூச்சு, பிறகு திரும்புவது.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக உட்காராதீர்கள். அன்றிரவு படுக்கையில் பத்து மூச்சு எண்ணிவிடுங்கள், வழக்கம் அறுபடாது.

புதுவரவு:
மூவருக்கும் நன்றி. தலையணை வைத்து 5 நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். கால் மரக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை மூன்றைத் தாண்டவே இல்லை. இருபது தடவையாவது ஒன்றுக்குத் திரும்பியிருப்பேன்.

பதில் (திண்ணை):
அப்ப இருபது தடவை மனசு போனதைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. பயிற்சியே அதுதாங்க. பத்து வரைக்கும் எண்ணுறது சும்மா அளவுகோல்.

திரும்புற விதத்தை மட்டும் பழகிக்கோங்க. போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் ‘யோசனை’ன்னு ஒரே சொல். எதை யோசிச்சோம், ஏன் யோசிச்சோம்னு பின்னாலேயே போகாதீங்க, அது அடுத்த யோசனை. ஓடிக்கிட்டிருக்குற மூச்சு முழுசா வெளிய போகட்டும், அடுத்ததுலேர்ந்து ஒன்று. ‘சே, மறுபடியும்’னு உள்ளுக்குள்ள ஒரு குரல் வந்தா அதுக்கும் அதே சொல்தான்.

அலாரம் அடிச்சதும் சட்டுனு எழுந்துடாதீங்க. காலை நீட்டி, கணுக்காலை அஞ்சாறு சுத்து சுத்தி, பாதத்துல உணர்ச்சி முழுசா வந்த பிறகு எழுந்திருங்க. மரத்த காலோட நின்னா பாதம் மடங்கிச் சுளுக்கிக்கும்.