தட்டைத் தனியாக வைத்தோம், ஜன்னலை மூடியே வைத்திருந்தோம்

தாராவி மகள்:

தம்பிக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று இரவு நாங்கள் செய்த முதல் காரியம், அவனுடைய தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்ததுதான். வீட்டில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள். மாறிவிடக் கூடாதென்று அம்மா என் நகப்பூச்சை எடுத்து, அவன் டம்ளரின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். அவன் பரண் ஏணியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அது 2023 மழைக்காலம். மும்பை தாராவியில், 90 அடி சாலைக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலி (ஒற்றை அறை வீடு) எங்களுடையது. அம்மா, அப்பா, நான், தம்பி. இருப்பது ஒரே ஜன்னல். மழை தொடங்கினால் சாரலுக்கும் சாக்கடை நாற்றத்துக்கும் பயந்து அதைச் சாத்தினோம் என்றால், மறுபடி திறப்பது நவராத்திரிக்குத்தான். தம்பி விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, அம்மா அவித்துக் கொடுக்கும் இட்லியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போய்விடுவான். ஜூலையில் இருமல் வந்தபோது, அதிகாலையில் நனைந்தால் இருமல் வராதா என்றுதான் நினைத்தோம்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். சிரப், ஐந்து நாள் மாத்திரை. நான்கு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி வரும். வேறு சிரப், வேறு மாத்திரை. இப்படியே ஏழு வாரம் போனது. ஒருமுறைகூடச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். குணமாவது போலத் தோன்றி, நோயைக் கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஆனால் இலேசாகக் காய்ச்சல். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. ஒருநாள் அவன் பெல்ட்டைத் தரையில் வைத்து ஆணி அடித்துப் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே போட்ட துளை ஒன்று பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மறுநாளே மாநகராட்சி மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று சொன்னதுமே சளி டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இயந்திரத்தில் வைத்துச் சோதித்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது. ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்றும் தெரிகிறது. கட்டுப்படும் என்று வந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அதிகம் இருக்கும் இந்த மும்பையில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

நான்காம் நாள் சுகாதாரப் பணியாளர் ஒரு மராட்டிப் பெண் வீட்டுக்கு வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரின் பொட்டைக் காட்டி "இது என்ன மாவ்ஷி?" என்றார். அம்மா சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "இந்த நோய் தட்டில் வராது, டம்ளரில் வராது, துணியில் வராது. இருமும்போதும் பேசும்போதும் வெளியே வரும் கிருமி, மூடிய அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுப்பவருக்குத்தான் ஆபத்து. டம்ளரைப் பிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறீர்களே" என்றார். எழுந்துபோய் அவரே திறக்கப் பார்த்தார். மழையில் மரம் ஊதி இறுகிப்போயிருந்தது. அம்மா தோசைத்திருப்பியைச் சந்தில் விட்டு நெம்ப, அவர் உள்ளங்கையால் தட்ட, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து திறந்தது.

மாத்திரை, எடைக்கு ஏற்றபடி. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தது, அடுத்த நான்கு மாதம் மூன்று. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போய், இரத்தம் என்று நினைத்துத் தம்பி நடுங்கிப்போனான். ரிஃபாம்பிசினால் அப்படி ஆகும், பயப்பட வேண்டாம் என்பதை முன்பே ஒருவர் சொல்லியிருக்கலாம். அரசு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்கென்று வங்கிக் கணக்கில் போட்டது (2024 நவம்பரிலிருந்து அது 1,000). முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் உதவியது.

மூன்றாவது மாதம்தான் சண்டை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஐந்து கிலோ ஏறிவிட்டான். "அக்கா, எனக்குத்தான் சரியாகிவிட்டதே, குமட்டிக்கொண்டு எதற்கு இதை விழுங்க வேண்டும்?" என்று மாத்திரை அட்டையைத் தூக்கி வீசினான். எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன். பாதியில் விட்டால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம். அப்போது இன்னும் கடுமையான மருந்துகள், இன்னும் நீண்ட சிகிச்சை. அன்றிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை தினமும் நான் பார்க்கத்தான் விழுங்கினான்.

செம்பூர் செவிலி:

26 வருடம் வார்டில் இருந்தவள் நான். தட்டைப் பிரிக்காத வீட்டை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை நம் சென்னையிலிருந்தே வந்தது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானட்டோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்கள் நெரிசலான ஏழை வீடுகளிலேயே இருந்துகொண்டு அதே மாத்திரைகளை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியானது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. அவர்களுக்கான ஆபத்து பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முந்தைய நாட்களில்தான் இருந்தது. தாராவி மகளே, உங்கள் வீட்டு ஆபத்தும் அந்த ஏழு வாரத்தில்தான். உங்கள் மூவரையும் பரிசோதித்தார்களா? தம்பியோடு பழகிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை யாராவது உண்டா? பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

சயான் கோலிவாடா:

என் தங்கைக்குக் கழுத்தில் நெறிகட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தபோது காசநோய். நுரையீரலில் எதுவும் இல்லை, அதனால் அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் கட்டி கரைந்துவிட்டது. அவள் இன்னும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வெளியே போகிறாள்.

தாராவி மகள்:

செவிலி அம்மா, எங்கள் மூவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், நோய் இல்லை. நீங்கள் கேட்ட குழந்தை பக்கத்துக் கோலியில் இருந்தது. மூன்று வயது. தம்பி இட்லி விற்றுவிட்டு வந்ததும் அவன் மடியில்தான் கிடக்கும். அந்த அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. வாசல் வரை போவேன், குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவர் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை என்னோடு மருத்துவமனைக்கு வந்தார். குழந்தைக்கு நோய் இல்லை. தடுப்பு மாத்திரை ஆறு மாதம் கொடுத்தார்கள். அதைத் தேனில் பொடித்துக் குழைத்து ஊட்டியது பெரும்பாலும் என் அம்மாதான்.