எடை மெஷின்ல ஏறவே பயமா இருக்கு. அழாம எடை குறைக்க வழி உண்டா?

கணக்கு டீச்சர், கும்பகோணம்:

வயசு 42, உயரம் 156 செ.மீ., எடை 74.6 கிலோ. போன மாசம் எடுத்த மூணு மாச சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம். இன்னும் நோய் வரல, ஆனா வாசப்படியில நிக்குதுன்னு டாக்டர் சொன்னார். நாலு கிலோ குறைஞ்சாலே நல்ல மாற்றம் தெரியுமாம்.

நாலு கிலோ! இதுவரைக்கும் நான் குறைச்சதையெல்லாம் கூட்டினா முப்பது வரும். ஏத்தினதைக் கூட்டினா முப்பத்தஞ்சு.

கடைசியா பண்ணினது, ராத்திரிக்கு வெறும் கொள்ளு ரசம். பத்து நாள்ல மூணு கிலோ போச்சு. பதினோராம் நாள் நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பு. கலவை சாதம் ஏழு வகை, கூட அப்பளம், மாவடு. மறுநாள் காலையில மெஷின்ல ஏறினா ரெண்டு கிலோ கூடியிருந்தது. அன்னிக்கு வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பெரியவன் மெதுவா வந்து, "அம்மா, நீ டயட் இருக்கிற வரைக்கும் நான் பாட்டி வீட்ல இருக்கட்டுமா?"ன்னு கேட்டான். சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

பட்டினி, பவுடர் எதுவும் சொல்லாதீங்க. வேற வழி இருந்தா சொல்லுங்க.

ராத்திரி டூட்டி:

சிஸ்டர், 16 மணி நேரம் சாப்பிடாம இருங்க. காலை டிபனை விட்டாப் போதும். நான் ரெண்டு மாசத்துல 6 கிலோ குறைச்சேன். ரொம்ப சிம்பிள்.

உறையூர் அக்கா:

டீச்சர், முதல்ல உங்க கணக்கையே பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா தேவைக்கு மேல சுமார் 7,700 கலோரி சாப்பிடணும். ரெண்டு கிலோவுக்கு 15,000-க்கு மேல. அதுக்கு வளைகாப்பு வீட்டுப் புளியோதரையை அண்டாவோட தூக்கிச் சாப்பிட்டிருக்கணும். ஏறினது பெரும்பாலும் தண்ணி. சோத்துல இருக்கிற மாவுச்சத்தை உடம்பு தசையிலயும் ஈரல்லயும் சேர்த்து வைக்கும்போது, அதைப்போல மூணு மடங்கு தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சு வைக்கும். மாவடு, அப்பளத்து உப்பு இன்னும் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். கொள்ளு ரசத்துல போன மூணு கிலோவுலயும் பாதிக்கு மேல இதே தண்ணிதான். தண்ணிக்காகவா பிள்ளையைத் திட்டினீங்க?

என் கதையைச் சொல்றேன். எனக்கு 57. ஒன்றரை வருஷத்துல 81-லேருந்து 73-க்கு வந்தேன். யார் கண்ணுக்கும் தெரியாத வேகம், எனக்கே தெரியல. முதல்ல மெஷினைப் பரண்ல ஏத்தினேன். மாசம் ஒரு நாள்தான் இறக்குவேன். பீரோவுல ஒரு டெய்லர் டேப் தொங்குது. நம்ம பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டக் கூடாதும்பாங்க. நான் இன்னும் தாண்டித்தான் நிக்கிறேன், பரவாயில்ல.

அப்புறம் ஒரு வாரம் சும்மா கவனிச்சேன். எதையும் மாத்தல. அப்பத்தான் புரிஞ்சது, நான் நிறைய சாப்பிடுறவ இல்ல, கடைசியா சாப்பிடுறவ. எல்லாருக்கும் தோசை வார்த்துப் போட்டு, பேரன் தட்டுல மிஞ்சின அரைத் தோசையை வாயில போட்டு, குக்கர் அடியில ஒட்டின பருப்பு சாதத்தை வழிச்சு, ஒன்பதே முக்காலுக்கு உட்காரும்போது பசி பேயா நிக்கும். அந்தப் பசியில நாலு தோசை போறதே தெரியாது. இப்ப ஏழரைக்கு நானும் தட்டு வெச்சுக்கிட்டு அவங்களோடயே உட்கார்ந்துடுறேன். முதல்ல காய், அப்புறம்தான் சோறு. தோசை வேணும்கிறவர் எழுந்து போய் வார்த்துக்கலாம். முதல் வாரம் வீட்ல முணுமுணுப்பு, ரெண்டாவது வாரம் என் வீட்டுக்காரருக்குத் தோசை வட்டமா வந்துடுச்சு.

இன்னொண்ணு, எண்ணெய். "கொஞ்சூண்டு"ன்னு தூக்குலேருந்து ஊத்துறதை ஒரு நாள் அளந்து பார்த்தேன். பீன்ஸ் பொரியலுக்கு மூணு பெரிய ஸ்பூன்! ஒரு ஸ்பூன் 120 கலோரி. இப்ப ஒண்ணுதான். ருசி போகல, கடுகு நல்லா வெடிச்சாப் போதும்.

சாப்பிட்டதும் தெருமுனை வரைக்கும் போய் பதினஞ்சு நிமிஷம் நடங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சர்க்கரை மட்டுப்படும்.

வார்டு நர்ஸ்:

ராத்திரி டூட்டி தம்பி, உங்களுக்கு ஒத்துப்போனதுல சந்தோஷம். ஆனா நாலு பேருக்கு டிபனும் டப்பாவும் கட்டிக்கிட்டு, அந்த வாசனையில தான் மட்டும் வெறும் வயித்தோட நின்னு பாருங்க, அப்புறம் சிம்பிள்னு சொல்லுங்க. படிக்கிறவங்க இன்னொண்ணும் கவனிங்க: கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுறவங்க டாக்டரைக் கேக்காம சாப்பாட்டு வேளையைத் தவற விடக் கூடாது. எங்க பெரியப்பா விரதம் இருந்து, சர்க்கரை இறங்கி, பஸ் ஸ்டாண்டுல வேர்த்துக் கொட்டி நடுங்கி உட்கார்ந்துட்டார்.

டீச்சர், அந்த எரிச்சல் உங்க குணம் இல்ல, பட்டினியோட குணம். 1944-45-ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கிற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான வாலிபர்களை வெச்சு ஒரு சோதனை நடத்தினார். ஆறு மாசம் பாதி வயித்துச் சாப்பாடு, ஒரு நாளைக்கு சுமார் 1,570 கலோரி. சிடுசிடுன்னு ஆனாங்க, சோர்ந்து போனாங்க, தட்டை நக்கினாங்க, சமையல் புத்தகத்தை வரி விடாம படிச்சாங்க. அவங்க யாரும் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தல.

கணக்கு டீச்சர், கும்பகோணம்:

அக்கா, உங்க பதிலை ரெண்டு தடவை படிச்சேன். கடைசியா சாப்பிடுறவ, அது அப்படியே நான்தான். நேத்து எட்டு மணிக்கே தட்டு வெச்சு உட்கார்ந்துட்டேன். மாமியார் ஒரு மாதிரி பார்த்தாங்க, அப்புறம் அவங்களே சட்னியை என் பக்கம் நகர்த்தி வெச்சாங்க. மெஷினைப் பரண்ல ஏத்தினது பெரியவன்தான், ஸ்டூல்ல ஏறி, நான் கேக்காமலே.

ஒரே சந்தேகம். எண்ணெயை ஸ்பூன் கணக்குல விட்டா தோசை கல்லுல ஒட்டுதே?

உறையூர் அக்கா:

இரும்புக்கல்லா? வெங்காயத்தைப் பாதியா வெட்டி, கரண்டிக் காம்புல குத்தி, எண்ணெய்ல லேசா தொட்டு, ஒவ்வொரு தோசைக்கும் முன்னாடி கல்லைத் தேய்ங்க. முதல் தோசை எப்படியும் ஒட்டும்.