பிரான்ஸின் பிரிஃபெக்டும் நம்ம கலெக்டரும் ஒன்றா? 1982-க்குப் பிறகு என்ன அதிகாரம் மிச்சம்?

காட்பாடி மாணவன்:
வணக்கம். யூ.பி.எஸ்.சி.யில் பொது நிர்வாகம் என் விருப்பப் பாடம். இங்கே வேலூரில் கைமாறும் குறிப்புகளில் "பிரிஃபெக்ட் = மாவட்ட ஆட்சியர்" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. இன்னொரு குறிப்போ 1982 சட்டத்தோடு அவருடைய அதிகாரமே போய்விட்டது என்கிறது. எது சரி? ஒரு மேயர் சட்டத்துக்குப் புறம்பாகத் தீர்மானம் போட்டால் பிரிஃபெக்ட் என்ன செய்வார்? படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டையில் இருப்பது போன்ற டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) அங்கே யார் பொறுப்பு என்பதும் தெரிய வேண்டும்.

வருவாய்க் கோட்டம்:
தம்பி, இரண்டு குறிப்பும் பாதிதான் சரி.

1800 பிப்ரவரி 17-ஆம் தேதிச் சட்டத்தில் நெப்போலியன் உருவாக்கிய பதவி இது. 1790-இல் வகுத்த மாவட்டங்களுக்குத் தலைக்கு ஒரு பிரிஃபெக்ட். இன்று கடல் கடந்த 5 மாவட்டங்களையும் சேர்த்து 101 மாவட்டங்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் குடியரசுத் தலைவர் நியமிப்பார். இத்தனை ஆண்டு என்ற உறுதி கிடையாது. வழக்கமாகப் புதன்கிழமை நடக்கும் அந்தக் கூட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வேலைநிறுத்த உரிமையும் இல்லை.

நம் கலெக்டர் மாநில அரசின் கை. பிரான்ஸில் மாநில அரசு என்ற அடுக்கே இல்லை. அதனால் பிரிஃபெக்ட் நேரடியாகப் பாரிஸின் ஆள். 1958 அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவு அவரை அமைச்சர்கள் ஒவ்வொருவருக்கும் பிரதிநிதி என்கிறது, உள்துறைக்கு மட்டும் அல்ல. அவருக்குக் கீழே கோட்டத்துக்கு ஒரு சப்-பிரிஃபெக்ட், நம் வேலூர், குடியாத்தம் ஆர்.டி.ஓ. மாதிரி. தலைமையிடக் கோட்டத்தை மட்டும் பெரும்பாலும் பிரிஃபெக்ட் அலுவலகத்தின் பொதுச் செயலரே பார்த்துக்கொள்வார்.

1982 மார்ச் 2 வரை அவர் இரட்டை வேலை பார்த்தார்: அரசின் பிரதிநிதி, கூடவே தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றத்தின் நிர்வாகத் தலைவர். மன்றத்தின் பட்ஜெட்டைத் தயாரித்ததும் செலவிட்டதும் அவர்தான். உள்துறை அமைச்சர் காஸ்தோன் தெஃபேர் கொண்டுவந்த சட்டம் அந்த இரண்டாவது வேலையை மன்றத் தலைவரிடம் ஒப்படைத்தது. முதல் வேலை அப்படியே இருக்கிறது.

எது அவரிடம் இல்லை என்பதையும் எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான். நீதிமன்றம், ராணுவம், வரி நிர்ணயமும் வசூலும், பள்ளிப் பாடத்திட்டம் எதுவும் அவருக்குக் கீழ் வராது. கலெக்டர் என்ற பெயரே வசூலிலிருந்து வந்தது. பிரிஃபெக்டுக்கு நிலவரியோடு தொடர்பே கிடையாது. சுகாதாரமும் 2010 முதல் தனி முகமையிடம்.

ஆற்காடு வக்கீல்:
மேயர் தீர்மானம் பற்றி. 1982-க்குப் பிறகு அதைத் தன் கையெழுத்தால் ரத்து செய்ய பிரிஃபெக்டால் முடியாது. ரத்து செய்வது நீதிமன்றம். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

கொம்யூன் (மேயர் தலைமையிலான அடிமட்ட உள்ளாட்சி) மன்றத் தீர்மானங்கள், மேயரின் ஒழுங்குமுறை உத்தரவுகள், பெரிய ஒப்பந்தங்கள், கட்டட அனுமதிகள் ஆகியவை பிரிஃபெக்டிடமோ சப்-பிரிஃபெக்டிடமோ போய்ச் சேர வேண்டும். அங்கே அனுப்பி, ஊரறிய வெளியிட்ட பிறகே அவை செல்லுபடியாகும். வந்து சேர்ந்த நாளிலிருந்து பிரிஃபெக்டுக்கு 2 மாதக் கெடு. நேரே நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நடைமுறையில் முதலில் மேயருக்கு ஒரு கடிதம் போகும்: இந்தப் பகுதி சட்டத்துக்கு முரண், திரும்பப் பெறுங்கள் என்று. கடிதம் கெடுவுக்குள் போயிருந்தால், மேயர் மறுத்த பிறகு புதிதாக 2 மாதம் கிடைக்கும். கெடு தாண்டிப் போன கடிதத்தால் பயனில்லை, வழக்கு நிற்காது. இணைப்புகள் இல்லாமல் கோப்பு வந்தால் அவற்றை அந்த 2 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டால், முழுக் கோப்பும் வந்த நாளிலிருந்து கெடு ஓடும்.

இடைக்காலத் தடை கேட்டால் நீதிபதி ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். தனிமனித சுதந்திரம் பாதிக்கப்பட்டால் 48 மணி நேரம். 2021-இல் வந்த சட்டம், பொதுச் சேவைகளின் மத நடுநிலையைக் கடுமையாக மீறும் முடிவுகளுக்கும் இந்த 48 மணி நேரத்தை நீட்டியது. 2022-இல் கிரெனோபிள் நகராட்சி, மத காரணத்துக்காக உடலை மூடும் நீச்சலுடைக்கு இடம் தரும்படி நீச்சல்குள உடை விதியை மாற்றியபோது, அந்த ஊர் இருக்கும் இஸேர் மாவட்டத்தின் பிரிஃபெக்ட் இந்த வழியில்தான் போனார். மே 25-இல் தடை கிடைத்தது. ஜூன் 21-இல் கோன்சே தெத்தா (நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம்) அதை உறுதி செய்தது.

பார்ப்பது சட்டத்தை மட்டும். "பூங்கா எதற்கு, பள்ளிக்கூடம் கட்டுங்கள்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

பட்ஜெட் மட்டும் வேறு கதை. ஏப்ரல் 15-க்குள் (தேர்தல் ஆண்டில் 30) மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் அவர் மண்டலத் தணிக்கை மன்றத்துக்கு அனுப்புவார். அது ஒரு மாதத்தில் யோசனை சொல்லும். பிறகு அவரே பட்ஜெட்டைத் தீர்மானித்து அமலாக்குவார். அந்த யோசனையிலிருந்து விலகினால் காரணம் எழுத வேண்டும்.

பலவீனம்: வந்து குவியும் கோப்புகளுக்கு ஈடாக ஆள் கிடையாது. ஒப்பந்தம், நிலப்பயன்பாடு என்று முன்னுரிமை வகுத்துப் பார்க்கிறார்கள், மற்றவை பார்வை படாமலே போய்விடும். குடிமகன் புகார் கொடுத்து "வழக்குப் போடுங்கள்" என்று கேட்கலாம். பிரிஃபெக்ட் மறுத்தால் அந்த மறுப்பை எதிர்த்து வழக்குப் போட முடியாது. 1991-இல் கோன்சே தெத்தா அப்படித்தான் சொன்னது. பாதிக்கப்பட்டவர் தன் பெயரில் வழக்குப் போடும் வழி தனியாக இருக்கிறது.

பேர்ணாம்பட்டு பொறியாளர்:
டேனரி கேள்விக்கு வருகிறேன். நமக்கு இதுதான் நெருக்கமான பாடம். இங்கே அனுமதி தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கலெக்டர் அல்ல. பிரான்ஸில் அனுமதி, நிபந்தனை, தண்டனை மூன்றும் பிரிஃபெக்ட் கையெழுத்தில். வேர் 1810-ஆம் ஆண்டு ஆணையில். இன்றைய அமைப்புக்கு அடிப்படை 1976 ஜூலை 19-ஆம் தேதிச் சட்டம்.

தொழிற்சாலைகளை வகைப்படுத்திய பட்டியலில் டேனரிக்கு எண் 2350. பொதுவாக அந்தப் பட்டியலில் வெறும் அறிவிப்பு, பதிவு, முழு அனுமதி என்று மூன்று படிகள் உண்டு. முழு அனுமதி என்றால் பாதிப்பு ஆய்வு, பொதுமக்கள் கருத்துக்கேட்பு, மண்டலச் சுற்றுச்சூழல் இயக்ககப் பொறியாளர்களின் அறிக்கை எல்லாம் முடிந்து பிரிஃபெக்டின் ஆணை வரும். குரோமியம், கழிவுநீரின் அளவு, யார் எத்தனை நாளுக்கொரு முறை சோதிப்பது என்று எல்லாம் அந்த ஆணையிலேயே இருக்கும்.

மீறினால் முதலில் கெடு வைத்து நோட்டீஸ். கெடு முடிந்தும் சரிசெய்யாவிட்டால் பணிக்கான தொகையை முன்கூட்டியே அரசிடம் கட்டவைக்கலாம், ஆலையின் செலவில் அரசே வேலையை முடிக்கலாம், நாள் கணக்கில் அபராதம் போடலாம், ஆலையை நிறுத்தலாம். நோட்டீஸ் இல்லாமல் நேரே தண்டனைக்குப் போனால் ஆணை நீதிமன்றத்தில் அடிபட்டுப் போகும்.

நம் பக்கத்தில் 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை (வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு) ஒப்பிட்டு எழுதுங்கள். வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட 5 மாவட்டங்களின் டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம்; கட்டச் சொன்ன இடம் கலெக்டர் அலுவலகம். பிரான்ஸில் அந்தப் பொறுப்பு நிர்வாகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இங்கே அதை நீதிமன்றம் கொண்டுவந்து வைத்தது. பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் விலை தெரியும்.

காட்பாடி மாணவன்:
மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: நம் கலெக்டர் ஊராட்சித் தலைவரை நீக்க முடிகிறதே, பிரிஃபெக்ட் மேயரை நீக்க முடியுமா?

வருவாய்க் கோட்டம்:
முடியாது தம்பி. 1994 ஊராட்சிகள் சட்டம் 205-ஆம் பிரிவில் கலெக்டர் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் நோட்டீஸ் கொடுத்து, தாசில்தார் மூலம் மன்றத்தின் கருத்தைக் கேட்டு, நீக்க முடியும். பிரான்ஸில் ஒரு மாதம் வரை இடைநீக்கம் செய்ய அமைச்சரின் ஆணை வேண்டும். நீக்க அமைச்சரவை ஆணையே வேண்டும். பிரிஃபெக்ட் செய்யக்கூடியது வேறு: ஒழுங்கு, பாதுகாப்பு விஷயத்தில் மேயர் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் எழுத்தில் எச்சரித்து, அதற்கும் பலனில்லை என்றால் மேயருக்குப் பதிலாகத் தானே உத்தரவு போடலாம். வெள்ளம், ஆலை விபத்து ஒரு கொம்யூன் எல்லையைத் தாண்டினால் மீட்புப் பணியின் தலைமை அவரிடம் போய்விடும். பாரிஸில் காவல் வேலைக்கென்று 1800 முதல் தனியாக ஒரு போலீஸ் பிரிஃபெக்ட் உண்டு.