சிமுலேஷன் 78 டிகிரி, அளந்தால் 91: எதை முதலில் சோதிப்பது?

வணக்கம். விசிறி இல்லாத மூடிய அலுமினியப் பெட்டிக்குள் ஒரு பவர் போர்டு. சிஎஃப்டி (காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும்) சிமுலேஷனில் மாஸ்ஃபெட்டின் (மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் சிப்) மேல்பரப்பு 78 டிகிரி செல்சியஸ் என்று வருகிறது. தெர்மோகப்பிளோ (கம்பி வடிவ வெப்பநிலை உணரி) 91 காட்டுகிறது. அதன் கம்பி வழியாகவும் கொஞ்சம் வெப்பம் போகும், அப்படியானால் உண்மை இன்னும் மோசம்!

மெஷ்ஷை (மாதிரியைக் கணக்குக்காகப் பிரிக்கும் கட்டங்களை) நுணுக்கிப் பார்த்தாயிற்று, அரை டிகிரி கூட அசையவில்லை. அதனால் சால்வர் (கணக்குப் போடும் நிரல்) மேல் சந்தேகமில்லை, கொடுத்த தரவுகள் மேல்தான். டேட்டாஷீட்டின் ஜங்ஷன்-சுற்றுப்புற (சிப்பின் உள்ளிருந்து வெளிக்காற்று வரையான) வெப்பத்தடையை நான் பயன்படுத்தவில்லை. அது ஜெடெக் என்ற தர அமைப்பின் சோதனைப் பலகைக்கு உரியது. பெட்டி அனோடைஸ் (ஆக்சைடு பூச்சு) செய்யாதது, எமிசிவிட்டி (வெப்பத்தைக் கதிர்வீசும் திறன்) 0.1 வைத்திருக்கிறேன். சூடானால் ஆன்-நிலை மின்தடை கூடும் என்பதையும் இழப்புக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று, போர்டை ஒரே கட்டியாக, தளவாக்கில் 20, குறுக்கே 0.35 வாட்/மீட்டர்-கெல்வின் என்று சராசரி எடுத்தது. மாஸ்ஃபெட்டைச் சுற்றிச் செம்பு குறைவுதான், அங்கே இந்தச் சராசரி ஏமாற்றலாம். அப்புறம், தெர்மல் பேடின் (வெப்பம் கடத்தும் மெத்துத் தாள்) தொடுதடை. திருகின் அழுத்தத்தைப் பொறுத்து அது மாறும், டேட்டாஷீட் எண்ணை அப்படியே நம்ப மனமில்லை.

செம்பு அடுக்குகளை முழுதாக இறக்குமதி செய்தால் கணக்கு ஓடும் நேரம் எகிறும். சிப்பைச் சுற்றி மட்டும் விரிவாக வைத்தால் போதுமா? பேடின் தடையைப் பெட்டிக்குள் வைத்தபடியே அளக்க வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.