எஸ்டீம் 1.3 16 வால்வு: ஹெட் வேலையும் கேமும், 260ஆ 284ஆ?

அஸ்தம்பட்டி_1300

வணக்கம். வண்டி மாருதி எஸ்டீம், 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ. ரிங் நல்லா இருக்கு, கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் சமம். வால்வு சீல் மட்டும் போயிருக்கு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை. எப்படியும் ஹெட் (சிலிண்டர் மேல் மூடி) கழட்டணும், அதோட போர்ட்டிங் (காத்து வழியைச் செதுக்குறது), கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) ரெண்டையும் முடிச்சிடலாம்னு யோசனை. கோவையில் ஒரிஜினல் கேமையே ரீகிரைண்ட் பண்ணி (திரும்ப அரைச்சு) தர்றாங்க: 260 டிகிரி ஒண்ணு, 284 டிகிரி ஒண்ணு. வால்வு எத்தனை கிராங்க் டிகிரி திறந்திருக்கும்ங்கிற எண் அது. 284ல பவர் அதிகம்னு சொல்றாங்க. வாரநாள் ஊருக்குள்ள, ஞாயிறு ஏற்காடு, அவ்வளவுதான் ஓட்டம். ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஒரிஜினல். எதை எடுக்கலாம்? ஹெட்டோட அடிப்பக்கத்தை எவ்வளவு ஃபேஸ் பண்ணலாம் (சீவி எடுக்கலாம்)?

வால்வு_சீட்

260தாங்க. உங்க ஓட்டத்துக்கு 284 சிரமம்தான் கொடுக்கும்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டாம் கியர்ல ஆர்பிஎம் 2000க்குப் பக்கம் இறங்கும். 284 கேம்ல இன்டேக் வால்வு ரொம்ப லேட்டா மூடும். அந்த ஆர்பிஎம்ல பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காத்துல ஒரு பங்கு திரும்ப மேனிஃபோல்டுக்கே (காத்து வர்ற குழாய்க்கே) போயிடும். வளைவுல ஆக்சிலரேட்டர் மிதிச்சா சத்தம் வரும், இழுவை வராது. 4000க்கு மேலதான் உயிர் வரும், அதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும்.

அடுத்தது ஈசியு. இந்த வண்டி மேனிஃபோல்டு அழுத்தத்தை மேப் சென்சார்ல அளந்துதான் பெட்ரோல் கணக்குப் போடுது. ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம்) அதிகமானா ஐடிலிங்ல வாக்குவம் விழும், ஈசியு அதை லோடுன்னு நினைச்சு கூடுதலா ஊத்தும். ஐடிலிங் ஏறி இறங்கும், பிளக் கரி பிடிக்கும். 284 போட்டா தனி ஈசியு, டியூனிங் எல்லாம் கட்டாயம். 260ஐ ஒரிஜினல் ஈசியு பெரும்பாலும் சமாளிச்சுடும்.

ரெண்டு கேமுக்கும் ஒரே அளவுல டிகிரி சொல்றாங்களான்னு முதல்ல கேளுங்க. வால்வு 0.1 மி.மீ. தூக்குறதுல இருந்து எண்ணினா ஒரு எண், 1 மி.மீ.ல இருந்து எண்ணினா வேற எண். கேம் கார்டு (கேமோட அளவுகள் எழுதின சீட்டு) எழுதித் தராதவங்ககிட்ட வாங்காதீங்க.

பணத்தைப் போட வேண்டிய இடம் ஹெட். போர்ட்டைப் பெருசாக்க வேண்டாம், காத்து வேகம் செத்துடும். சீட்டுக்கு (வால்வு உட்கார்ற வளையம்) நேர் கீழே உள்ள பவுல்ல இருக்கிற காஸ்டிங் விளிம்பை எடுங்க, உள்வளைவை மழுக்குங்க, மேனிஃபோல்டு கேஸ்கட்டோட வாயைச் சமன் பண்ணுங்க. சீட் 30-45-60 மூணு ஆங்கிள். அகலம் இன்டேக் 1.0லிருந்து 1.2, எக்ஸாஸ்ட் 1.5 மி.மீ. கிட்ட. எக்ஸாஸ்ட்டை மெலிசா வெட்டினா வால்வு சூட்டை சீட்டுக்கு இறக்க முடியாம எரியும். இன்டேக்கைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடச் சொல்லி ஆசை காட்டுவாங்க, விட்டுடுங்க. 80ஆம் நம்பர் எமரி விட்ட சொரசொரப்பு போதும், பெட்ரோல் சுவர்ல ஒட்டி ஓடாது.

முடிஞ்சதும் ஹெட்டைச் சாய்ச்சு வெச்சு போர்ட்டுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தி அஞ்சு நிமிஷம் பாருங்க. சேம்பர் (பெட்ரோல் எரியுற அறை) பக்கம் வால்வு ஓரத்துல ஈரம் கசிஞ்சா லேப்பிங் (வால்வைச் சீட்டுல தேய்ச்சு உட்கார வைக்கிறது) திரும்பப் பண்ணணும்.

ரெண்டாம்_கியர்

மேல சொன்னது சரி, பிரேக் விஷயம் விட்டுப்போச்சு. 284ல ஐடிலிங் வாக்குவம் விழுந்தா, அந்த வாக்குவத்துல பிரேக்கை லேசாக்குற பூஸ்டருக்கும் அதே கதிதான். இறங்கும்போது கியர்ல எஞ்சின் பிரேக்கிங்ல வந்தா பிரச்சனை இல்லை. கிளட்சை மிதிச்சுட்டு வளைவுல ரெண்டு தடவை பிரேக் அடிச்சா மூணாவது தடவை பெடல் கல்லு மாதிரி நிக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தமே ஆறுல ஒரு பங்கு குறைவு. அதனால பூஸ்டருக்குக் கிடைக்கிற வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

அஸ்தம்பட்டி_1300

ரொம்ப நன்றிங்க. 260 முடிவு. ஹெட்டை 1 மி.மீ. எடுத்தா கம்ப்ரெஷன் 11க்கு வரும்னு லேத்துல சொல்றாங்க. எடுக்கலாமா?

வால்வு_சீட்

வராது, எடுக்கவும் வேண்டாம். கணக்கு இதுதான்: போர் 74, ஸ்ட்ரோக் 75.5, ஒரு சிலிண்டர் 324.7 சிசி. கம்ப்ரெஷன் ரேஷியோ 9.5ன்னா மேலே மிச்ச இடம் 38.2 சிசி. 1 மி.மீ. எடுத்தா போர் முழு அகலத்துக்குக் கணக்குப் போட்டாலும் குறையறது 4.3 சிசி, ரேஷியோ 10.6. சேம்பர் வாய் போரைவிடச் சின்னது, அதனால நிஜத்துல அதுவும் வராது. 0.5 எடுத்தா அதிகபட்சம் 10.0. அதோட நிறுத்துங்க. உங்க ஹெட் ஏற்கெனவே ஃபேஸிங் ஆனதான்னு தடிமனை அளந்து மேனுவல் அளவோட ஒப்பிட்டுட்டுத்தான் அதையும் செய்யணும்.

காரணம் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாவே வெடிக்கிறது). குறைஞ்ச ஆர்பிஎம்ல முழு ஆக்சிலரேட்டர்தான் நாக்கிங்குக்குப் பிடிச்ச இடம். அது மேலே ஏற்காட்டுல வராது, காத்து அங்க மெலிசு. சித்திரை வெயில்ல ஊரைத் தாண்டி வந்து ஏறுற முதல் நாலஞ்சு வளைவுலதான் சலங்கை சத்தம் கேட்கும்.

ஹெட் இறங்கினா பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளியும் அதே அளவு குறையும், கேம் லிஃப்ட் வேற கூடியிருக்கு. பிஸ்டன் மேல களிமண் உருண்டை வெச்சு, லேசா எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டோட ஹெட்டை இறுக்கி, டைமிங் பெல்ட் போட்டு, கையால கிராங்கை ரெண்டு சுத்து சுத்துங்க. ஸ்டார்ட்டர் போடாதீங்க. களிமண்ணை வெட்டி அளந்தா இன்டேக் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. குறையாம இருக்கணும். முழு லிஃப்ட்ல ஸ்பிரிங் சுருள் முட்ட இன்னும் 1 மி.மீ. மிச்சம் இருக்கான்னும் பாருங்க.

குப்பனூர்_ரோடு

ரீகிரைண்ட் கேம்ங்கிறதால ரெண்டு சங்கதி. அரைக்கும்போது பேஸ் சர்க்கிள் (லோப்ங்கிற மேடு தவிர்த்த வட்டப் பகுதி) சின்னதாகும், ராக்கர் (கேம் அசைவை வால்வுக்குக் கடத்துற கை) ஸ்குரூ கூடுதலா இறங்கும். லோப் மேல மார்க்கர் மை தடவிச் சுத்திப் பாருங்க. ராக்கர் பேட் ஓரத்துல தேய்ச்சா அந்தக் கேம் ஆயுசு கொஞ்சம்தான். டேப்பட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் இடைவெளி) கேம் கார்டுல போட்டதை வையுங்க, மேனுவல்ல உள்ளது பழைய லோபுக்கு.

முதல் ஸ்டார்ட்: லோப்ல மாலிப்டினம் பேஸ்ட், 15டபிள்யூ-40 சிஐ-4 டீசல் ஆயில். அதுல ஜிங்க் அதிகம். பிடிச்சதும் ஐடிலிங்ல விடாம 2000லிருந்து 2500 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாத்துங்க.

கேம் முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிச்சுத் தர்றது) ஓடுது, அதை மறந்துடாதீங்க. 0.5 ஃபேஸிங்குக்கே கேம் கிராங்க் கணக்குல ஒரு டிகிரி பக்கம் பின்தங்கும். அதுக்குத்தான் அட்ஜஸ்டபிள் புல்லி. ஆனா இழுவைக்காகப் புல்லியில 4 டிகிரி முன்னாடி தள்ளினா இக்னிஷனும் கூடவே 4 டிகிரி முன்னாடி போகும். டைமிங் லைட் வெச்சுத் திரும்ப செட் பண்ணாம ஏற்காடு ரோட்டுல ஏத்தாதீங்க.